சாப்பிட்டா வருவாங்க

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் அம்மா இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். இறந்து ஒன்பது நாள் ஆகிறது. அங்கிருந்த அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மகள் வந்திருந்தாள். தொழிற்சாலையில் கொதிகலன் வால்வுகளைச் சோதிப்பவள். எதற்கும் ஓர் அளவு உண்டு என்று நம்பிப் பழகியவள்.

வாசற்கதவை ஒட்டி இரண்டரை வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது.

"கட்டெறும்பு. உங்கம்மா வெச்ச பேரு," என்றாள் சமையல்கார அக்கா. "யார் தூக்கினாலும் கடி. சோறும் எறங்கல."

"ஏன்?"

"நீ சாப்பிட்டா அவங்க நாளைக்கு வருவாங்கன்னு சொல்லி வெச்சோம். மொத நாலு நாள் தட்டை வழிச்சுத் தின்னுச்சு. அப்புறம் நிறுத்திடுச்சு."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் பிள்ளையை விட வருபவர்கள் பொம்மையைக் காட்டிவிட்டு நழுவக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அழுதாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நழுவிய ஒரு அப்பாவைத் தெருமுனை வரை துரத்திப் போய்ப் பிடித்து வந்தவள் அவள். 'கூப்பிட்டா ஆள் வரும்னு கைக்குழந்தை நம்பணும். நம்பினாத்தான் ரெண்டு வயசுல நானே நானேன்னு குதிக்கும். அதைக் கேலி பண்ணாம விட்டாத்தான் நாலு வயசுல தானா ஒரு காரியத்துல எறங்கும்' என்பாள்.

"இதெல்லாம் அம்மா எங்க படிச்சாங்க?"

"படிச்சாங்களா! எல்லாம் உன் புண்ணியம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல உன்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் பின்பக்கமா நழுவிடுவாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நீ அவங்க கையை விடலியாம். கக்கூசுக்குப் போனாலும் வாசல்ல காவலாம்."

மகள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவில்லை. பிறகு ஏன் இந்தக் கோபம்? அன்று பின்பக்கமாக நழுவியதற்கா, தூக்கத்திலேயே ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மா இறந்துபோனதற்கா? யார்மேல் கோபப்படுவதென்றே புரியவில்லை.

குழந்தையின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அவங்க செத்துட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

"ஐயையோ, பச்சப்புள்ளகிட்ட பேசுற பேச்சா இது?" அக்கா பதறினாள்.

கட்டெறும்பு அவளையே பார்த்தது. "நாளைக்கி?"

"நாளைக்கும் இல்ல."

"சாப்ட்டா?"

"சாப்பிட்டாலும் வர முடியாதுடா. நீ ஒண்ணும் தப்பு பண்ணல."

குழந்தை வீறிட்டது. ஒன்பது நாளில் இதுதான் முதல் அழுகை என்றாள் அக்கா. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அக்காவுக்கும் தெரியவில்லை. அழுது ஓய்ந்ததும் அக்கா ஊட்டிய சோற்றில் குழந்தை ஒரு வாய் வாங்கிக்கொண்டது. இரண்டாவதைத் தட்டிவிட்டது.

மகளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சத்தம் போடாமல் எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"நான் கெளம்பறேன். நாளைக்கு மத்தியானம், நீ தூங்கி எழுந்திரிக்கிறப்ப வரேன்."

ஏன் சொன்னோம் என்று விளங்கவில்லை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தெருவில் இறங்கி, நாளைய ஷிப்டை மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, காரணம்?" என்றார் அவர்.

"மாத்திக் குடுங்க சார்," என்றாள் மறுபடியும்.