மண் படாத கால்

அன்றும் வெள்ளவத்தைக் கோயிலுக்கு என் மகள் தாரணியை வீல்செயாரில் கூட்டிப் போயிருந்தேன். பிறந்ததிலிருந்து அவளால் நடக்க முடியாது. வாசல் பைப்பில் வழக்கம்போல அவள் கால்களைக் கழுவிவிட்டேன்.

"தங்கச்சி, சில்லு ரோட்டில உருண்டு வந்தது. செருப்பு மாதிரித்தானே, உள்ளுக்கு விடேலாது," என்றார் வாசலில் காவலுக்கு நின்றவர், செயாரின் சக்கரத்தைக் காட்டி.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கேட்டுக் கேட்டு மரத்துப் போயிருந்தது. வீட்டுக்குப் போகச் செயாரைத் திருப்பினேன்.

"அம்மா, காலைக் கழுவுங்கோ," என்றாள் தாரணி.

"கழுவினனான்தானே, பிள்ளை."

"அது இல்லையம்மா. நான் நடக்கிற கால்," என்று சில்லைக் காட்டினாள்.

குனிந்து இரண்டு சில்லையும் கழுவினேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. வாசலில் நின்றவர் வழிவிட்டு விலகினார்.

இத்தனை வருடமும் நான் மண்ணே படாத கால்களைத்தான் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.