இரண்டு நாற்காலி வன்னியபெருமாள்

தேதி சீலின் சின்னச் சக்கரத்தை நகத்தால் ஒரு பல் முன்னால் தள்ளிவிட்டு, அதைத் தன் இடது புறங்கையில் அழுத்துகிறார் வன்னியபெருமாள். ஊதா மையில் அன்றைய தேதி விழுகிறது. கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகுதான் முதல் காகிதத்தைத் தொடுவார். குளிக்கும்வரை அந்தத் தேதி அவர் கையில் இருக்கும். மில்லர்புரம் டீக்கடையில் யாருக்காவது தேதி தெரிய வேண்டுமென்றால் காலண்டரைப் பார்ப்பதில்லை. "அண்ணாச்சி, கையக் காட்டுங்க" என்பார்கள். அவரும் பெருமையாகக் காட்டுவார்.

வயது ஐம்பத்திரண்டு. துறைமுகத்தில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கும் ஒரு ஏஜென்சியில் இருபத்தாறு வருடமாக கிளார்க். எந்தக் கப்பலுக்கு எந்த நேரத்தோடு கேட்டை மூடுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். "நாலு மணி கட்-ஆஃப்னா நாலு மணிதான். நாலு அஞ்சுக்கு வந்த பெட்டி அங்கனயே வெயில்ல கெடக்கட்டும். கப்பல் யாருக்கும் மாமன் இல்ல" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும்.

காலையில் வேலைக்குப் போகும் முன்பு ஒரு மணி நேரம், மாலை நான்குக்குப் பிறகு இருட்டும்வரை, அவர் வெண்சங்கு பேஸ்பால் கிளப்பின் செயலாளர். தூத்துக்குடியில் பேஸ்பாலா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கடலோர லீக்கில் பெண்கள் அணி மட்டும் ஆறு இருக்கின்றன. பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த மைதானம் பெரிய விஷயம். மாநில அணித் தேர்வுக்குப் போக வேண்டுமென்றால் அந்த வருடம் லீக்கில் மூன்று ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். மாநில அணியில் ஆடினால் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கேட்கலாம். எங்களில் பலருக்கு வேறு வழி கிடையாது.

கிளப் அறை ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது. ஒரு மேஜை. இடது பக்கம் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி, வலது பக்கம் ஒரு மர நாற்காலி. இரண்டும் வன்னியபெருமாளுடையவைதான். பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் கிளப் செயலாளர். மர நாற்காலியில் அவர் லீக்கின் பதிவுச் செயலாளர். ஆறு அணிகளின் படிவங்களையும் வாங்கிப் பதிவு செய்கிற அந்தச் சம்பளமில்லாத வேலையை வேறு யாரும் ஏற்கவில்லை. அதனால் அதுவும் அவரிடமே வந்தது.

எங்கள் கிளப் படிவத்தை லீக்கில் சேர்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து படிவத்தை ஓர் உறையில் போட்டு, 'பெறுநர்: பதிவுச் செயலாளர்' என்று எழுதுவார். எழுந்து மேஜையைச் சுற்றிப் போய் மர நாற்காலியில் உட்காருவார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உறையைப் பிரித்து, முன்பின் பார்த்திராத காகிதம் போல வாசிப்பார். ஒருமுறை இனிஷியல் விட்டுப்போயிருந்தது என்று தன் படிவத்தைத் தானே திருப்பி அனுப்பினார். "சொந்தக் கிளப்புன்னு பாக்கமாட்டேன். ரூல்னா ரூல்." மர நாற்காலியில் இருக்கும்போது அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். 'சார்' என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் எங்களை 'நீங்க' என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதே நேரம், இப்படி ஒரு நேர்மையா என்று மதிக்கவும் செய்தோம். இரண்டையும் நினைத்தால் இப்போது எனக்கு எரிகிறது.

மே மாதம் டிராஃப்ட் நடக்கும். மைதானத்தில் ஓடவிட்டு, எறியவிட்டு, அடிக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஆறு கிளப்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து முறைவைத்து ஒவ்வொரு பெயராக எடுப்பார்கள். எத்தனை பேரை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஒரு கிளப் பதினெட்டுப் பேரைத்தான் லீக்கில் பதிவு செய்யலாம். வன்னியபெருமாள் இந்த வருடம் இருபத்தாறு பேரை எடுத்தார். ஒவ்வொருத்தியையும் எதிரே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார். "பேரு எழுது, சைன் போடு. தேதி மட்டும் போடாத. அத நான் போட்டுக்கிடுதேன்." கையெழுத்து முடிந்ததும் மேஜை டிராயரிலிருந்து ஒரு மக்ரூன் எடுத்து நீட்டுவார். "தின்னு பிள்ள. இனி நீ வெண்சங்குப் பிள்ள." முந்திரி வாசத்தோடு அது வாயில் கரையும்போது, தேதி ஏன் போடக் கூடாது என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை.

இருபத்தாறு பேரில் பதினேழு பேரைத்தான் அவர் பதிவு செய்தார். பதினெட்டாவது இடம் எப்போதும் காலி. "கப்பல்ல ஒரு இடம் கையில இருக்கணும்லா. அவசரத்துக்கு எங்க போய்த் தேட?" மீதி ஒன்பது படிவங்கள் இடது டிராயரில் கிடந்தன. அந்த ஒன்பது பேரிடமும் "நீ நமக்குச் சைன் பண்ணியாச்சு, வேற எங்கயும் போக முடியாது" என்று சொல்லிவிட்டார். ஆட வைக்கவும் இல்லை, விடவும் இல்லை. அந்த ஒன்பதில் ஒன்று என்னுடையது. இன்னொன்று இந்துமதியுடையது. நான் சுமாரான ஆட்டக்காரி, என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் இந்துமதி பந்து எறிவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் வயல்வேலைக்குப் போகிற சண்முகத்தாயின் மகள். டிராஃப்ட் அன்று அவள் எறிந்த பன்னிரண்டு பந்தில் ஒன்றைக்கூட யாரும் மட்டையால் தொடவில்லை. வெண்சங்கில் பந்து எறிகிற பிட்ச்சர் ஏற்கனவே இரண்டு பேர் இருந்தார்கள். பின் அவளை ஏன் எடுத்தார் என்றால், அவள் எதிர் அணிக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு மாதம் அவள் பஸ் ஏறி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்டு எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு, இந்துமதி தன் அம்மாவோடு அந்த மாடிக்கு வந்தாள். அவள் கூப்பிட்டதால் நானும் போனேன். நாசரேத் அணியின் பிட்ச்சருக்குத் தோள்பட்டை விலகிவிட்டது. அதன் மேலாளர் ஜெயஷீலா இந்துமதியைக் கேட்டிருந்தார். லீக்கில் மூன்றே ஆட்டங்கள் பாக்கி. நடுவில் சேருகிறவர்களுக்குக் கடைசி நேரம் அன்று மாலை ஐந்து மணி.

வன்னியபெருமாள் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

"அண்ணாச்சி, நாசரேத்துல கூப்பிடுதாவ. நான் போவட்டுமா?"

"எங்க போவ? நீ சைன் பண்ணுன பிள்ள."

"சைன் பண்ணி மூணு மாசம் ஆகப்போவுது. ஒரு பந்து போட விடலயே."

"ஏளா, பெஞ்சுல இருக்கதும் வெளையாட்டுதான். டீம்னா அப்படித்தான்."

சண்முகத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "பெஞ்சுல உக்காரதுக்கு ஸ்ரீவைகுண்டத்துலருந்து பஸ் ஏறி வரணுமா அண்ணாச்சி? எங்க வீட்டுலயே பெஞ்சு கெடக்கு."

அவர் சிரித்துக்கொண்டே டிராயரைத் திறந்து மக்ரூன் பொட்டலத்தை நீட்டினார். "கோவப்படாதிய தாயி. மொதல்ல இத எடுத்துக்கிடுங்க."

"எனக்கு சுகர். உங்க இனிப்பு ஆகாது."

இந்துமதி அம்மாவின் கையைப் பிடித்து அமர்த்தினாள். பிறகு மேஜையைச் சுற்றி நடந்து, காலியாக இருந்த மர நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். "சார்" என்றாள். "லீக்குல ஒரு வெவரம் கேக்கணும் சார்."

வன்னியபெருமாள் அவளையே பார்த்தார். என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இத்தனை வருடப் பழக்கம் அவரை எழுப்பிவிட்டது. சுற்றி வந்து மர நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டினார்.

"சொல்லுங்க."

"இந்துமதி, ஸ்ரீவைகுண்டம். வெண்சங்கு கிளப்புலருந்து என் ஃபாரம் லீக்குக்கு வந்துருக்கா சார்?"

பதிவேட்டைத் திறந்தார். விரல் பதினேழு பெயர்களின் மேல் மெதுவாக இறங்கியது. "வரல" என்றார்.

"அப்ப பதினாலாம் ரூல்படி நான் ஃப்ரீ. ஜூன் பத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஃபாரம் வரலன்னா எந்தக் கிளப்புலயும் சேரலாம்னு போட்டுருக்கு. அத ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க சார்."

அவள் கையில் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த போனில் ஜெயஷீலாவின் குரல் கேட்டது. "சார், எங்க ஃபாரம் உங்க லீக் நம்பருக்கு அனுப்பியாச்சு. அந்த லெட்டர் ஒண்ணுதான் சார் வேணும்."

வன்னியபெருமாளின் காது சிவந்துவிட்டது. "எனக்கே ரூல் சொல்லுதியாளா? அந்த ரூல் புக்க குரூப்புல போட்டதே நாந்தான்!" மர நாற்காலியில் இருந்துகொண்டு அவர் 'நீ' என்று பேசியது அதுதான் முதல் தடவை.

"அதுலதான் சார் படிச்சேன்" என்றாள் இந்துமதி. உண்மைதான். ஆங்கிலத்தில் இருந்த அந்த முப்பது பக்கத்தை நானும் அவளும் நான்கு நாள் உட்கார்ந்து, வார்த்தை வார்த்தையாக அர்த்தம் தேடிப் படித்தோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து சுற்றி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "இங்கன பாரு பிள்ள. ஞாயித்துக்கெழம நமக்கும் நாசரேத்துக்கும்தான் மேட்ச். அங்கன நின்னு நம்ம பிள்ளையளுக்கு எதிரா பந்து போடுவியா?"

"போடுவேன் அண்ணாச்சி."

கோபமாகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நடந்ததைக் கூட்டாமல் எழுதுகிறேன். அவர் அதற்குப் பிறகு கத்தவில்லை. எங்களை வெளியே போகச் சொல்லவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் நிற்கிறோம் என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை. இடது டிராயரைத் திறந்து இந்துமதியின் படிவத்தை எடுத்தார். கையெழுத்து இருந்தது. தேதிக் கட்டம் வெறுமையாக இருந்தது. உறையில் போட்டு 'பெறுநர்: பதிவுச் செயலாளர்' என்று எழுதினார். எழுந்தார். மேஜையைச் சுற்றிப் போய் மர நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டி, உறையைப் பிரித்து, பெயர், இனிஷியல், போட்டோ எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"சார், லெட்டர் எழுதிட்டீங்களா?" என்று ஜெயஷீலா போனில் கேட்டுக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பது.

அவர் தேதி சீலை எடுத்தார். நகத்தால் மாதச் சக்கரத்தைப் பின்பக்கமாகத் தள்ளினார். ஒரு பல். இன்னொரு பல். ஆகஸ்டு ஜூலையாகி, ஜூலை ஜூனானது. நாள் சக்கரத்தை ஒரு பல் முன்னால் தள்ளினார்.

"என்னளா செய்யுதாரு?" என்றாள் சண்முகத்தாய்.

வன்னியபெருமாள் சீலை மைப்பெட்டியில் ஒற்றினார். படிவத்தில் வைக்கும் முன்பு, வழக்கம்போலத் தன் இடது புறங்கையில் அழுத்தினார். காலையில் குத்திய எட்டு ஆகஸ்டுக்குக் கீழே, ஒன்பது ஜூன் விழுந்தது. கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தார்.