கலரில் அவர் இல்லை

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். ஆழத்திலிருந்து மெதுவாகத்தான் ஏறி வர வேண்டும், ஒருநாள் வேகமாக மேலே வந்துவிட்டார். உயிர் தப்பியது. புத்தி முழுசாகத் திரும்பவில்லை. சில நாள் என்னைத் தெரியும், சில நாள் தெரியாது. நான் உப்பளத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

போலீசில் சொன்னோம். மாதா கோயிலில் சாமியாரிடம் சொன்னோம். கடற்கரை முழுக்கப் படகு படகாகத் தேடினோம். நோட்டீஸ் அடித்து ஒட்டுங்கள் என்றார்கள். அதற்குப் படம் வேண்டும்.

அவர் போட்டோவுக்கு நிற்காத ஆள். ஆதார் அட்டையில் இருக்கிற முகம் தன்னுடையது என்று அவரே சத்தியம் செய்ய மாட்டார். மகள் கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஸ்டுடியோக்காரர் எடுத்த குடும்பப் படம் ஒன்றுதான் நன்றாக இருந்தது. பிரிண்ட் கடை அண்ணாச்சி அதிலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார்.

“கலரா, கருப்பு வெள்ளையா?”

நான் வாயைத் திறக்கும் முன்னே மாமியார் சொன்னார். “கலர்லதான் போடணும். கருப்பு வெள்ளையில போட்டா செத்தவன்னு நெனச்சுருவாவ.”

“இப்பம் செத்தவங்களுக்கும் கலர்லதான் அடிக்காவ, ஆச்சி.”

“எவன் எப்படிச் செத்தா எனக்கென்ன? எம்மவனுக்குக் கலர்ல போடும்.”

தூத்துக்குடியில் ஒட்டினோம். முக்காணி, ஆத்தூர், ஏரல் வரை ஒட்டினோம். ஒருத்தரும் கூப்பிடவில்லை. மாமியார் போனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மணி அடித்தால் லோன் வேண்டுமா என்று எவனாவது கேட்பான்.

இருக்க முடியாமல் ஊர் ஊராக நானே போய்க் கேட்டேன். ஆத்தூரில் ஒரு டீக்கடைக்காரர் சொன்னார்.

“ஒரு ஆளு வந்தாரு, அக்கா. பேச்சே இல்ல. டீ குடுத்தேன், குடிச்சாரு. ஆனா அது வேற ஆளு.” கடைச் சுவரில் நான் ஒட்டியிருந்த நோட்டீசைக் காட்டினார். “இவரு செக்கச்செவேல்னுல்லா இருக்காரு. அவரு நல்ல கருப்பு. இந்தப் படத்துக்குக் கீழதான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு.”

“காது எப்படி இருந்துச்சு?”

“எடது காது கிழிஞ்சிருந்துச்சு.”

அவர்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் எங்கள் எல்லாரையும் ஒரே வெள்ளையாக ஆக்கி வைத்திருந்தார். கிழிந்த காதையும் சேர்த்துச் சரிபண்ணியிருந்தார் என்றே நினைத்தேன். உற்றுப் பார்த்தால் கிழிசல் இருந்தது. வெளுப்பில் தெரியவில்லை. படம் வந்த அன்று மாப்பிள்ளை மாதிரி இருக்கான் என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தினமும் பார்த்த படம். எங்களுக்கு அதில் அவர்தான் தெரிந்தார். ஊராருக்கு எப்படித் தெரியும்?

பிரிண்ட் கடைக்குத் திரும்பப் போனோம். அண்ணாச்சி கலரிலேயே கருப்பாக்கிப் பார்த்தார். முகம் செங்கல் மாதிரி வந்தது. இன்னும் கொஞ்சம் மாற்றினார், கத்திரிக்காய் மாதிரி ஆனது. கடைசியில் கலரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் இருட்டாக்கினார். ஒட்டிய கன்னம் வந்தது. காது வந்தது. அவர் வந்துவிட்டார். பார்த்தால் செத்தவர் படம் மாதிரியும் இருந்தது.

“இதையே அடிங்க” என்றேன்.

“தாலிய அறுத்து வச்சுட்டுப் போயி ஒட்டுளா” என்றார் மாமியார்.

வீட்டுக்குப் போய்ப் பசை கிண்டினேன்.

காணவில்லை என்று பெரிதாகத்தான் போட்டிருந்தது. யார் படிக்கிறார்கள்? அடக்கம் எப்போது என்று தெருவில் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நோட்டீசுக்குக் கீழே யாரோ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். ஊதி அணைத்தேன்.

ஒரு மத்தியானம் ஏரலிலிருந்து போன் வந்தது. வாழைக்காய் மண்டிக்காரர்.

“மனசத் தேத்திக்கோம்மா. எப்பம் தவறுனாரு? காலையில கூட நம்ம மண்டி வாசல்ல பாத்தேனே.”

“அவரு சாவல அண்ணாச்சி. காணாமப் போனவரு. அங்கனயே பிடிச்சு வைங்க.”

“யாத்தே” என்றார். அப்புறம் ஓடுகிற சத்தம் கேட்டது.

மாமியார் செருப்புகூடப் போடாமல் என்னோடு பஸ் ஏறினார். ஏரலில் மண்டிக்காரர் என் வீட்டுக்காரர் கையை விடாமல் பிடித்தபடி நின்றார். மாமியார் கட்டிப்பிடிக்கப் போனார். அவர் பின்னால் நகர்ந்தார்.

என்னைப் பார்த்தார். “நீ யாரு?”

“உங்க பொண்டாட்டி.”

“அப்படியா” என்றார். “பசிக்கி.”

இட்லி வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் நடுவில் உட்கார வைத்து, சட்டையை நான் ஒரு பக்கமும் மாமியார் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

இப்போது கதவை உள்ளே பூட்டுகிறோம். நான் உப்பளத்துக்குப் போனால் சாவி மாமியாரிடம். வீட்டுக்காரர் திறந்துவிடு என்கிறார். சில நாள் என் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறார். யாரிடம் கெஞ்சுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. நான் திறப்பதில்லை.