தோற்றவள் சொல்லும் ஆட்டம்

என் தங்கை ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் மேற்பார்வையாளர். ரொட்டியைக் கருக்கியவர்தான் மறுநாள் அடுப்பு வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். கிறுக்குத்தனம் என்று முதலாளி நினைத்தாராம், இப்போது வாயைத் திறப்பதில்லை. அந்த வழக்கம் சின்ன வயதில் எங்கள் மாடிப்படியில் பிறந்தது.

அவளுக்கு அப்போது நத்தை என்று பெயர். ஓடிப் பிடிப்பதோ ஒளிந்து பிடிப்பதோ, எதில் இறங்கினாலும் கடைசியாகத்தான் வருவாள். நான் எல்லாவற்றிலும் முதல். அதனால் எனக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள், எரிச்சல் வரும்.

நான்கு மாடிக் குடியிருப்பு அது. பெரியவர்கள் வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளைகளுக்கு மாடிப்படிதான் மைதானம். என்ன விளையாடுவது என்று தினமும் அடிதடி. கடைசியில் ஒரு சட்டம் போட்டோம்: இன்று தோற்றவர் நாளைக்குப் புது ஆட்டம் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு அவரே நடுவர். தண்டனை என்று நினைத்துத்தான் வைத்தோம். மண்டையைக் குடைந்துகொள்கிற வேலை யாருக்கு வேண்டும்?

நத்தை தினமும் தோற்றாள், தினமும் யோசித்தாள். அவளுடைய முதல் ஆட்டம் படுமோசம். விதிகளைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அழுதாள். மறுநாள் விதிகளைக் குறைத்தாள். இன்னொரு நாள் இரண்டாம் மாடிக் குட்டிப்பயல் திணறுவதைப் பார்த்து ஆட்டத்தை நிறுத்தினாள்.

“இவனுக்கு ரெண்டு படி சலுகை.”

“அதெப்படிடி?” என்று எகிறினேன்.

“நடுவர் நான்தானேக்கா.” சொன்னதை மாற்றவில்லை. நாளடைவில் சண்டை வந்தால் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

தரைத்தளத்தில் இரவு பஸ் ஓட்டும் டிரைவர் மாமா இருந்தார். மாலையில்தான் அவருக்குத் தூக்கம். ஒரு நாள் கதவைப் படாரென்று திறந்தார்.

“இன்னொரு தடவை சத்தம் கேட்டுச்சு, படிக்கு கேட் போட்டுப் பூட்டச் சொல்லிடுவேன்! தூங்காம வண்டியக் கொண்டுபோய் எங்கயாவது மோதினா யாரு பதில் சொல்றது?”

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் பூட்டினால் ஆளுக்கொரு அறையில் அடைந்து கிடக்க வேண்டும், ஆட்டம் அத்தோடு சரி. அன்றும் தோற்றவள் நத்தைதான்.

மறுநாள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்தாள். மேல்மாடியிலிருந்து கை மாற்றிக் கை மாற்றிக் கீழே கொண்டுவர வேண்டும். யாரும் பேசக் கூடாது. யார் கையில் சிந்துகிறதோ அவர் அவுட். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாலேயே பேசிக்கொண்டு நின்றோம். டம்ளர் தரைத்தளத்துக்கு வந்த நேரத்தில் கதவு திறந்தது.

“என்ன, ஒரு பொட்டுச் சத்தத்தக் காணோம்? யாராவது விழுந்து கிழுந்து தொலைச்சீங்களா? பயத்துல தூக்கமே வரல!”

கடைசியில் நின்ற குட்டிப்பயல் வெலவெலத்துப்போய் டம்ளரை அவர் கையிலேயே திணித்துவிட்டான். பாதித் தண்ணீர் மாமாவின் காலில் கொட்டியது.

நத்தை இரண்டு படி இறங்கினாள். “மாமா, சிந்திட்டீங்க. நீங்க அவுட்.”

“என்னது?”

“நாளைக்கு ஆட்டம் நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

மாமா டம்ளரைப் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“போச்சு! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?” என்று அவள் தலையில் குட்டினேன்.

அடுத்த நாள் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நாமே எதையாவது ஆரம்பிக்கலாம் என்றேன்.

“அவரு முறை, அக்கா. காத்திருக்கணும்” என்றாள் நத்தை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கேட் மாட்ட ஆள் வருகிறதா என்று நான் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்தது. மாமா தொப்பியோடு நின்றார். கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதை ஸ்டீயரிங் மாதிரி பிடித்திருந்தார்.

“ஆட்டத்தோட பேரு டிப்போ. நீங்க எல்லாரும் பஸ்சு. மேல வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வரணும். ஒரே ஒரு விதிதான்.” தட்டை நத்தையின் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டாவி விட்டார். “நான் எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் ஹாரன் அடிக்கக் கூடாது.”