கேரவன் மேலிருந்த சண்முகவடிவு

ஹட்டனிலிருந்து வட்டவளைப் பக்கமாக இறங்கும் பாதையில், வளைவு ஒன்றை ஒட்டி மரியரட்ணத்தின் சேர்விஸ் ஸ்டேஷன் இருக்கிறது. லொறி, வேன், ஓட்டோ எல்லாம் அங்கேதான் கழுவ வரும். சண்முகவடிவு அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, வாளியும் துணியும் கொடுத்து டயர் கழுவச் சொன்னார்கள். சில மாதத்தில் ஸ்டிக்கர் வேலை பார்த்தவன் கட்டாருக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன சூட்டுத் துப்பாக்கியை, அதுதான் சூடான காற்றைப் பீய்ச்சும் அந்த மெஷினை, யாரும் தொடவில்லை. வடிவு தொட்டாள்.

"பொம்பளை ஏணியில ஏறி நின்னா வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான்" என்றார் மரியரட்ணம்.

"பாத்துட்டுப் போகட்டும். கண்ணு வலிச்சா தானா குனிஞ்சுக்குவான்" என்றாள் வடிவு.

அவள் அப்படித்தான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்கு 'வாய்க்காரி' என்று பேர். தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில், ஈரக் கொழுந்து என்று சொல்லி நிறுவையில் கணக்கப்பிள்ளை கழித்தபோது, "மழையை நானா கூட்டிட்டு வந்தேன்?" என்று தராசுக்கு முன்னால் நின்று கேட்டவள். சேர்விஸ் ஸ்டேஷனுக்கு நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு போகத் தொடங்கியதும் லயத்துப் பெண்களே சிரித்தார்கள். சீலையோடு ஏணியில் ஏறி விழுந்தால் இவர்களா வந்து தூக்குவார்கள் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் சுதாகரன் கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை. அவன் போனில், "உனக்குப் பிடிச்சா போடு" என்று சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன வருஷம் மாசி மாதத்தில், பனி விலகிய ஒரு காலையில், அந்தக் கேரவன் வந்து நின்றது. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்த பெரிய வண்டி. வெள்ளைக்காரக் குடும்பங்கள் கொழும்பில் வாடகைக்கு எடுத்து நுவரெலியா வரைக்கும் ஓட்டி வருவார்கள். கல் தெறித்து பெயின்ட் போகாமலிருக்க உடம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் ஒட்டியிருந்தார்கள். பல வருஷத்து வெயிலிலும் மழையிலும் அது பழுத்து மஞ்சளாகி, காய்ந்த சேற்றுத் தரை மாதிரி வெடித்துக் கிடந்தது. வண்டியைக் கொண்டுவந்தவன் வினோஜன் என்ற இளைஞன், கம்பெனியின் மனேஜர், கொழும்புத் தமிழ்ப் பையன்.

"பழைய பிலிமை மட்டும் உரிச்சுத் தாங்க. சைட்ல இருக்கிற படத்துக்கு ஒண்டும் ஆகக்கூடாது. அதுக்கு மேல புதுப் பிலிம் ஒட்டப் போறம்" என்று சொல்லிவிட்டு அவன் டவுனில் அறை எடுக்கப் போய்விட்டான்.

வடிவு வண்டியின் மறுபக்கம் போய்ப் பார்த்தாள். பார்க்காமலேயே அவளுக்குத் தெரியும். ஆள் உயரத்துக்கு மேலே, கூடையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அது அவள்தான்.

அந்தப் படம் எடுத்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அவளைத் தனியாக நிற்கச் சொன்னார். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அவள் காலில் கிடந்த ரப்பர் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்க்கச் சொன்னார்கள். குளிருக்குப் போட்டிருந்த பழைய ஸ்வெட்டரும் போயிற்று. யாரும் வேலைக்குக் கட்டாத சிவப்புச் சீலை ஒன்றையும், சந்தையில் வாங்கிய மூக்குத்தி ஒன்றையும் மாட்டிவிட்டார்கள். கொழுந்துச் சாக்கை வாங்கி வைத்துவிட்டு, ஈரமே படாத ஒரு புதுப் பிரம்புக் கூடையைத் தலையில் தொங்கவிட்டார்கள். எதற்கு என்று கேட்டதற்குக் கலண்டருக்கு என்றார்கள். அட்டை ஏறிய வெறுங்காலோடு நின்று அவள் சிரித்தாள். கண்டாக்கையா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் சிரித்தாள். அன்றைக்குக் கொழுந்து குறைந்துபோனதென்று அவளுக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான், போட்டார்கள்.

கலண்டர் எதுவும் வரவில்லை. வந்தது இந்தக் கேரவன். கினிகத்தேனைப் பாதையில் அது போனால், "வடிவு, உன் பஸ் போகுது" என்று மலையில் நிற்பவர்கள் கூவுவார்கள். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு டீச்சரிடம் கேட்டாள். 'சிரிக்கும் மலைகளுக்கு வாருங்கள்' என்று இருக்கிறதாம். அப்போது அதைக் கேட்டு வடிவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து மலையில் குளவிக்கூடு கலைந்தது. ஐந்தாறு பேரைத் தோட்டத்து லொறியில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வடிவின் முகம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. மூச்சு விசில் அடித்தது. பக்கத்தில் கிடந்த ஜீவராணி அக்கா பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். வளைவில் லொறி நின்றது. எதிரே இந்தக் கேரவன் திரும்ப முடியாமல் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. சாரதி முன்னாலும் பின்னாலும் எடுத்து எடுத்துப் பார்க்கிறான். திறந்திருந்த ஒற்றைக் கண்ணுக்கு நேராக, கை தொடுகிற தூரத்தில், அவளுடைய முகமே அவளைப் பார்த்துச் சிரித்தது. வடிவு பிழைத்தாள். ஜீவராணி அக்கா ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. வண்டி விலகியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. வடிவு அதற்குப் பிறகு கொழுந்து மலையில் கால் வைக்கவில்லை.

இதையெல்லாம் அவள் மரியரட்ணத்திடம் சொன்னதே கிடையாது. முதல் நாள் முழுக்க வண்டியின் முன்பக்கத்தில் வேலை செய்தாள். சூட்டுத் துப்பாக்கியை ஒரே இடத்தில் பிடித்தால் வண்டியின் பைபர் உடம்பு கொப்பளித்துவிடும். அதனால் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிலிம் இளகியதும் பிளாஸ்டிக் தகட்டால் மூலையைக் கிளப்பி, மேலே தூக்காமல், தன்மேல் தானே மடங்குகிற மாதிரி மெதுவாக இழுக்க வேண்டும். பழைய பிலிம் விரல் அகலத்துக்குத்தான் வரும், பிறகு பட்டென்று அறுந்துபோகும். மறுபடியும் சூடு, மறுபடியும் மூலை. பனிக்காற்று அடித்தால் எல்லாம் இறுகிவிடும். மாலையில் முன்பக்கம் மஞ்சள் போய் வெள்ளையாக இருந்தது. அவள் நகக்கண்ணெல்லாம் பசை.

மறுநாள் ஏணியைப் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, ஏறாமல் மரியரட்ணத்திடம் போனாள்.

"முதலாளி, அந்தப் படத்துல இருக்கிறது நான்தான். பிலிமோட அதையும் சேர்த்து உரிக்கப் போறேன்."

மரியரட்ணம் அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "யேசுவே! வந்தப்பவே ஏன் சொல்லல?"

"முன்பக்கம் வேலை இருந்திச்சி. அதை முடிச்சேன். இப்ப சொல்றேன்."

"இந்தக் கம்பெனி வண்டி எல்லாம் இங்கதான் வருது வடிவு. என் வயித்துல அடிக்காத. மேல உள்ளத மட்டும் எடுத்துக் குடுத்துடு. படத்தப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா புதுப் பிலிம் ஒட்டிடுவாங்க. இன்னும் பத்து வருஷம் நான் அதுல சிரிக்கணும்."

அவர் பதில் சொல்லுமுன் வினோஜன் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் நம்பவில்லை. பிறகு அவளைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மூக்கும் தாடையும் சொல்லிவிட்டன. அவன் முகம் மலர்ந்தது.

"ஐயோ அக்கா, சூப்பர்! இது நல்ல ஸ்டோரி. நீங்க அப்பிடியே படத்துக்குப் பக்கத்தில நிண்டு சிரியுங்க, நான் வீடியோ எடுக்கிறன். எங்கட பேஜ்ல போட்டா பிச்சுக்கொண்டு போகும்." போன் அதற்குள் கையில் ஏறிவிட்டது.

"படத்த உரிக்கப் போறேன்னு சொல்றேன். காது கேக்கலையா தம்பி?"

"அது கம்பெனிப் படம் அக்கா. அப்பிடியெல்லாம் உரிக்க ஏலாது."

"மூஞ்சி யாரோடது?"

"நீங்கதானே சம்மதிச்சு நிண்டிருப்பீங்க?"

"நிக்கச் சொன்னாங்க, நின்னேன். என்னான்னு யாரும் கேக்கல. ஒரு கையெழுத்து இருந்தா கொண்டாங்க, பாப்போம்."

வினோஜன் மரியரட்ணத்தின் பக்கம் திரும்பினான். "வேற ஆளை விட்டுச் செய்யுங்கோ."

மரியரட்ணம் தலையைச் சொறிந்தார். அவருக்குப் பயம்தான். ஆனாலும், "எங்கிட்ட இவ ஒருத்திதான் சேர். வேணும்னா அரைவாசியோட வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் வாயில் என்ன புகுந்தது என்று தெரியவில்லை என்று இப்போதும் சொல்கிறார்.

வடிவு கையுறையை மாட்டிக்கொண்டாள். "தம்பி, வீடியோதானே எடுக்கணும்? எடுங்க. நான் பேசுறேன். சப்பாத்தக் கழட்டச் சொன்னதைச் சொல்றேன். அரைப்பேர் போட்டதைச் சொல்றேன். குளவி கொட்டி மூஞ்சி வீங்கி லொறியில கிடந்தப்போ இந்த வண்டி வழியை மறிச்சிக்கிட்டு நின்னதைச் சொல்றேன். ஜீவராணி அக்கா பேரையும் சொல்றேன். சிரிக்க மட்டும் மாட்டேன். பிடிங்க போனை."

வினோஜன் போனை இறக்கினான். பிறகு வாசல் பக்கம் போய், கொழும்புக்கு எடுத்து, நெடுநேரம் சிங்களத்தில் பேசினான். கெஞ்சுகிறானா சண்டை போடுகிறானா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"உரிச்சுப் போடுங்கோ. ஆனா பெயின்டுக்கு ஏதும் நடந்தா நீங்கதான் பொறுப்பு."

"நடக்காது" என்றாள் வடிவு.

காலிலிருந்து தொடங்கினாள். அந்த வெறுங்கால்கள்தான் முதலில் வந்தன. பிலிமும் படமும் சேர்ந்து ஒட்டியிருந்ததால் துண்டு துண்டாகத்தான் வந்தது. சிவப்புச் சீலை, கூடை, கை. கண்டாக்கையாவைப் பார்த்துச் சிரித்த முகத்துக்கு வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. பிலிம் நன்றாக இளகியிருந்தது. அதை மட்டும் அறாமல் ஒரே இழுப்பில் எடுக்க முடிந்தது. தரையில் விழுந்ததைப் பார்த்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?" என்று மரியரட்ணம் கேட்டார்.

"எதுக்கு? கண்ணாடி இருக்கு வீட்ல" என்று சொல்லி மற்றக் குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளினாள்.

ஆனால் வேலை முடியவில்லை. பசையைத் துடைத்துக் கழுவியதும் மூன்று பேருக்கும் அது தெரிந்தது. சுற்றியிருந்த பெயின்ட் வெயிலில் மங்கியிருந்தது. படத்துக்கு அடியில் இருந்தது மங்காமல் புதுசாக இருந்தது. அதனால் கூடை தூக்கிய ஒரு பெண்ணின் வடிவம் வெள்ளை வெளேரென்று அப்படியே நின்றது. மூக்கு இல்லை, வாய் இல்லை, ஆள் மட்டும்.

"இது ஒருத்தருக்கும் விளங்காது. விடுங்கோ" என்றான் வினோஜன்.

"எனக்கு விளங்குது."

பொலிஷ் மெஷினை எடுத்தாள். சுற்றியிருந்த மங்கல் போகும்வரை, அன்று மீதி நேரமும், மறுநாள் மத்தியானம் வரையும் தேய்த்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கூடையின் விளிம்பு கடைசிவரை அடம்பிடித்தது. பிறகு அதுவும் போயிற்று. வினோஜன் வண்டியைச் சுற்றி வந்து, கையால் தடவிப் பார்த்து, ஏறி ஓட்டிக்கொண்டு போனான். இனி இந்தப் பக்கம் வரமாட்டான் என்று மரியரட்ணம் இரண்டு வாரம் வடிவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் வைகாசியில் அவன் வந்தான். அதே கம்பெனியின் இன்னொரு கேரவன். அதே மஞ்சள் பிலிம். அதிலும் ஒரு கொழுந்துக்காரி, இவள் வயதானவள், வெற்றிலைச் சிவப்போடு பல் தெரியச் சிரிக்கிறாள்.

"இதையும் முழுக்க உரிச்சுப் போடுங்கோ அக்கா. எங்களுக்குத் தலையிடி வேண்டாம்" என்றான்.

வடிவு சூட்டுத் துப்பாக்கியை எடுக்கவில்லை. "இந்தம்மா யாரு?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"விசாரிச்சுக்கிட்டு வாங்க. அவங்கள நான் கேக்கணும். அதுக்கு முன்னால இதுல கை வைக்க மாட்டேன்."

வினோஜன் முறைத்தான், முனகினான், கடைசியில் போனான். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக்கு லயம் படத்தைக் காட்டி அலைந்திருக்கிறான். மறுநாள் போன் எடுத்து, "ஆள் கிடைச்சிட்டா. காளியாயியாம். இந்தாங்கோ, கதையுங்கோ" என்று கிழவியிடமே கொடுத்துவிட்டான். வடிவு ஏணியில் நின்றபடி பேசினாள்.

"ஆயா, உங்க படம் ஒரு பஸ்ல ஒட்டியிருக்கு. உங்ககிட்ட கேக்காமதான் ஒட்டியிருப்பாங்க. வேணாம்னு சொல்லுங்க, இப்பவே உரிச்சிடுறேன்."

மறுமுனையில் கிழவி சத்தமாகச் சிரித்தாள். "ஏன் தாயி உரிக்கிற? அதுல நான் நல்லாத்தானே இருக்கேன்! அந்தப் பஸ்ஸு போறப்ப எங்க லயமே கூவும். அப்படியே இருக்கட்டும்."

வடிவு கொஞ்சம் தடுமாறிப்போனாள். இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. "நெசமாத்தான் சொல்றீங்களா ஆயா?"

"நெசமாத்தான். ஆனா ஒண்ணு. யாரோ ஒரு கிழவின்னு சும்மா வச்சிருக்காம எம்பேர அதுல எழுதச் சொல்லு. பெருசா எழுதணும். தமிழ்ல எழுதணும். இல்லேன்னா உரிச்சிடு."

வினோஜன் அங்கே கிழவிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வேலைக்கு வடிவு மூன்று மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாள். படம் வராமல் மேல் பிலிமை மட்டும் பிரிப்பதென்றால் சூடு கொஞ்சம் கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. ஒரு இடத்தில் சீலையின் ஓரம் நகத்தளவு கிழிந்துவிட்டது. அதைச் சொல்லி வினோஜன் ஏதோ ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். புதுப் பிலிம் ஒட்டுவதற்கு முன்னால், கூடைக்குக் கீழே, சிவப்பு எழுத்தில் 'காளியாயி' என்று ஒட்டினார்கள். ஒட்டியவளும் வடிவுதான். எழுத்து சின்னதாக இருக்கிறதென்று முதலில் வெட்டி வந்ததைத் திருப்பி அனுப்பினாள்.