ராஜாமணியக்காவின் மூன்று விரிப்புகள்

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. நம் லைன் வீட்டுக் குழாயடியில் விடிகாலை முதல் குடம் எப்போதும் ராஜாமணியக்காவுடையதுதான். அன்றைக்கு அது இல்லை. "கலெக்டரம்மா இன்னைக்கு லீவாட்ட இருக்குது" என்று சொல்லிச் சிரித்ததே நான்தான். என் குடம் நிறைந்த பிறகு போய்க் கதவைத் தள்ளினேன். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூக்கத்திலேயே போயிருந்தார். போர்வை கூடக் கலையவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்தவர் சாவையும் மடித்துத்தான் வைத்திருந்தார்.

முனையிலிருக்கும் பாய் கடைக்கு ஓடி அவர் மகன் மோகனுக்கு போன் போட்டேன். வருசா வருசம் மார்கழியில் அந்தக் கடைக்கு அவன்தான் போன் போடுவான். "பொங்க நோம்பி வருது, ஊடு ஒதுங்க வெக்கோணும், அம்மாவை வரச் சொல்லுங்க" என்பான். பாய் கடையிலிருந்தே சத்தம் போட்டு அக்காவைக் கூப்பிடுவார். இந்த முறை போன் இங்கிருந்து போனது. பேரைச் சொன்னேன், விசயத்தைச் சொல்லுமுன் அவன் பேசிவிட்டான்.

"செல்வியக்காங்களா? அம்மா இந்த வருசம் நேரத்துலயே வாராங்களாக்கும்? அனுப்பி வைங்க்கா. ஊடெல்லாம் ஒரே குப்பையாக் கெடக்குது."

விசயத்தைச் சொன்னேன்.  பாய் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, "தம்பி, மெதுவா வாங்க. இந்த மனசோட வண்டியை வெரசா ஓட்டாதீங்க" என்றார். அந்த நல்ல குணம் எனக்கு அன்றைக்கு இல்லை. இன்றைக்கும் வரவில்லை.

நம் லைன் பொங்கல் மலரில் அக்காவைப் பற்றி எழுது என்று நீங்கள் என்னிடம் வந்தது, நான் எல்லாரையும் கேலி பேசுகிறவள், படிக்கச் சிரிப்பாக இருக்கும் என்றுதான். அஞ்சாம் கிளாஸோடு நின்றவளின் எழுத்து இது. சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்துக்கு நான் பொறுப்பில்லை.

மார்கழியில் நம் வாசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளையடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுச் சாமானும் வெளியே வந்து குவியும். அக்கா அதன் நடுவில் மூன்று விரிப்பு விரிப்பார். தன் வீட்டுக்காரரின் பழைய வெள்ளை வேட்டி ஒன்று, ஒரு பவானி ஜமுக்காளம், ஒரு கோணிச் சாக்கு. வேட்டியில் வைத்தது வீட்டுக்குள் திரும்பப் போகும். ஜமுக்காளத்தில் வைத்தது வேண்டுகிறவர்களுக்குப் போகும். சாக்கில் விழுந்தது போனதுதான். எதில் போடுவது என்று நாம் முழித்தால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இது இல்லாட்டி இன்னைக்கு யாராச்சும் அழுவாங்களா?"

நான் கல்யாண வீடுகளில் கொடுத்த மஞ்சள் பைகளை ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து அதில் அச்சடித்திருந்த மாப்பிள்ளை, பொண்ணு பேரைச் சத்தமாகப் படித்தார்.

"இத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கிறயே அம்மணி, இதுல எத்தனை ஜோடி இன்னும் பேசிக்குது?"

"பை நல்லாத்தானுங்க இருக்குது."

"ஜோடியும் அன்னைக்கு நல்லாத்தான் இருந்துது. போடு சாக்குல."

குழாயடியில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்குத்தான் நான் அவருக்குக் கலெக்டரம்மா என்று பேர் வைத்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி சாமானை வீசுவதற்காக மட்டும் இல்லை. மில்லை மூடிய வருசம் என் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குக் கொண்டுபோகும் டிபன் கேரியரை நான் சாக்கில் போட்டேன். மூடி இல்லை, பிடி ஆட்டம், போவதற்கு மில்லும் இல்லை. அக்கா கேள்வியைக் கேட்டார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அக்கா கேரியரை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்து வெள்ளை வேட்டியில் வைத்தார். அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் உப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

சாமானோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் வீட்டு சரோஜாவும் நானும் தண்ணீர்ச் சண்டையில் ஒரு வருசம் பேசாமல் இருந்தோம். அதை நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்துகொண்டிருந்தேன். அக்கா சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அந்தக் கோவத்தையும் இதுல போட்டுரு. ஒரு வருசமாத் தூக்கிச் சொமக்கிற. என்னத்துக்கு ஒதவுச்சு?"

"அது கெடக்கட்டுங்க்கா. அது இல்லாட்டி நான் அழுதுபோடுவேன்."

அக்கா சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சரோஜாவும் சிரித்துவிட்டாள். சண்டை அதோடு முடிந்தது.

இனி மோகன் வீட்டுக் கதை. மேட்டுப்பாளையம் ரோட்டில் அவன் சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது நம் லைனிலிருந்து பாதிப் பேர் டவுன் பஸ்ஸில் போனோம். அக்கா மடியில் ஒரு புதுப் பித்தளைப் பானை. சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் வாங்கியது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, கழுத்தில் பச்சை மஞ்சள் கொத்துக் கட்டியிருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் பானையைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டார். வீட்டுக்குள் போனதும் மருமகள் கையில் கொடுத்து, "நோம்பிக்கு இதுல பொங்க வெய்யி கண்ணு" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டுதான் வாங்கினாள். வந்து குவிந்த பரிசுகளோடு பரிசாக அது உள்ளே போனது.

அந்த வீட்டில் பின்பக்கம் ஒரு ரூம் உண்டு. வருசம் முழுக்க வேண்டாததையெல்லாம் அதில் எறிந்து கதவைச் சாத்துவார்கள். மார்கழியில் போன் வரும். அக்கா போய்ப் பத்துநாள் போல இருந்து வீடு முழுவதையும் ஒதுங்க வைத்து, கடைசியில் அந்த ரூமைக் காலி செய்து, கழுவி, கட்டில் போட்டு, மெத்தை விரிப்பு மாற்றுவார். அந்தக் கட்டிலில் பொங்கலுக்கு விருந்து ஒறம்பரையாக மருமகளின் அப்பா அம்மா வந்து படுப்பார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு; அக்கா அதற்கும் முந்தின நாளே பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார்.

"ஏனுங்கக்கா, நீங்க ஒதுங்க வெச்ச ரூமுல நீங்க படுத்தா என்னங்? கட்டில் கடிக்குமாக்கும்?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"ஒறம்பரை வாரப்ப சீமாறு நடு ஊட்டுலயா நிக்கும் அம்மணி? கூட்டி முடிச்சா மூலைக்குப் போயிரோணும்" என்றார்.

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். தன்னைத் தானே துடைப்பம் என்று கிண்டல் செய்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அவர் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. மகன் வீட்டு வாசலில் அந்தப் பானையில் பொங்கல் பொங்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். இது நம் லைனில் எல்லாருக்கும் தெரியும். மோகன் வீட்டில் மட்டும் தெரியாது.

போன வருசம் போனில் மோகன், "இந்தத் தடவை மாமனார் ஊட்ல வரலீங்மா. நோம்பிக்கு நீங்க இங்கயே இருந்துக்குங்க" என்றான். அக்கா பாய் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் வழியில் பார்த்த எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அரக்குக் கலரில் ஒரு சேலை எடுத்தார். பொங்கலன்றைக்குக் கட்ட. சாவியை என்னிடம் கொடுத்து, "காப்புக் கட்டறப்ப என்ற ஊட்டுக்கும் சேத்திக் கட்டிப்போடு" என்றார்.

காப்புக்கட்டு அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி, அக்கா வீட்டு ஓட்டு விளிம்பில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துச் செருகிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று எடுத்துக் கொடுத்தேன். அப்போது அக்கா வந்தார். இடுப்பில் ஒரு கோணிச் சாக்கு.

"என்னங்க்கா, பஸ்ஸு தப்பி ஏறிட்டீங்களா?"

படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சாக்கைப் பிரித்தார். பழைய பேப்பர் சுற்றின பித்தளைப் பானை. கழுத்தில் அந்த மஞ்சள் கொத்து கறுத்துக் காய்ந்து தொங்கியது.

"வருசா வருசம் பரண் அட்டாலியில பாப்பேன் அம்மணி. மேல தூசியத் தட்டி அங்கயே வெச்சுட்டு வருவேன். இந்த வருசம் இருக்கறமே, நாமளே எறக்கிப் பொங்க வெக்கலாம்னு நெனைச்சுட்டு இருந்தேன். அதுக்குள்ள மருமக எறக்கிட்டா. இப்ப அவளும் மூணு விரிப்புப் போடறா. நாஞ் சொல்லிக் குடுத்ததுதான். 'ஏனுங்கத்தே, இது இல்லாட்டி இன்னைக்கு யாராச்சும் அழுவாங்களா'ன்னு சிரிச்சுட்டே கேக்கறா. பாவம், யாரு குடுத்ததுன்னு அவளுக்கு நெனப்பில்ல."

"மோகன் இருந்தானுங்களா?"

"பேப்பர் படிச்சுட்டு இருந்தான். தலையத் தூக்கிப் பாத்தான். 'யாரு அழப்போறாங்க, எடைக்குப் போட்டுருங்க'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரும் அழ மாட்டாங்க கண்ணுன்னு சொல்லி நானே சாக்குல போட்டேன். நம்ம கேள்விக்கு நாமளே மாத்திப் பேச முடியுமா? அப்பறம், நானே எடைக்குப் போட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டுச் சாக்கோட பஸ் ஏறிட்டேன்."

அவர் திரும்பி வரவில்லையே என்று கேட்டு பாய் கடைக்கு ஒரு போன் வரவில்லை. நான் கடை மூடும்வரை அங்கேயே நின்றேன்.

மறுநாள் பொங்கலை அந்தப் பானையில் நம் வாசலில் வைத்தோம். நீங்கள் எல்லாரும் சாப்பிட்டீர்கள். புதுச் சேலை கட்டவில்லையா என்று நாலு பேர் கேட்டீர்கள். "கரி பட்டுரும்" என்று அக்கா சொன்னது ஞாபகம் இருக்கும். பானை பொங்கியதும் அவர் செய்த முதல் வேலை, ஒரு தூக்குப்போசி நிறைய எடுத்து மூடி வைத்தது. மோகனுக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் உசுராம்.

"கொண்டு போக எங்க ஊட்ல ஆளில்லீங்க" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா? எனக்குக் கால் இல்லையா?"

அவரே கொண்டுபோனார். சாயங்காலம் அதே போசியோடு திரும்பி வந்தார். கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். நம் பக்கத்தில் யாரும் போசியை வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். அது கூட இல்லை.

"ஏன் போயிட்டீங்கன்னு கேட்டாங்களா?"

"கேக்கலை. ஒறம்பரை இருந்தாங்க. ரூமு சும்மாத்தான இருக்குதுன்னு மாமனார் ஊட்டுல வரச் சொல்லிட்டாங்களாம்."

அவ்வளவுதான் சொன்னார். மகனைப் பற்றி ஒரு கடுஞ்சொல் அவர் வாயில் நான் கேட்டதில்லை. கோபத்தை அன்றைக்கே சாக்கில் போட்டுவிட்டிருப்பார். அடுத்த மார்கழிக்கு போன் வந்தால் போவீர்களா என்று கேட்டதற்கு, "போகாம? குப்பை யாரு அள்றது?" என்றார்.

கருமாதி முடிந்த மறுநாள் மோகன் வீட்டைக் காலி செய்ய வந்தான். பொங்கலுக்குள் சாவி வேண்டும் என்று லைன் வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அம்மா செத்த வருசம் என்பதால் அவன் வீட்டில் நோம்பி இல்லை. அம்மா இல்லாத பொங்கல் அவர்களுக்குப் பழகினதுதான். பொங்கலே இல்லாத பொங்கல்தான் புதிது.

நான் வேட்டி, ஜமுக்காளம், சாக்கு மூன்றையும் வாசலில் விரித்தேன். கேள்வியை நான் கேட்டேன். அவன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினான். அரக்குச் சேலை மடிப்புக் கலையாமல் ஜமுக்காளத்துக்குப் போனது. வெள்ளை வேட்டியில் அவன் அப்பாவின் போட்டோ மட்டும் இருந்தது. கடைசியாகப் பானை வெளியே வந்தது. அதைக் கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஏதுங்க்கா? அம்மாகிட்ட பித்தளைப் பானை இருந்துச்சா?"

என் வாய் சும்மா இருந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு இருந்தது. சொன்னால் அவன் அழுவான் என்று எனக்குத் தெரியும். கெட்டவன் இல்லை அவன், மறந்தவன். அழுதுவிட்டால் அக்காவின் சட்டப்படி பானை வெள்ளை வேட்டிக்குப் போகும். அங்கிருந்து அவன் வீட்டு அட்டாலிக்குப் போகும். அதனால் சொல்லவில்லை. "எங்க ஊட்ல இடமில்லீங்க்கா, நீங்க வேணா வெச்சுக்குங்க" என்று அவனே என் கையில் கொடுத்தான்.

இப்போது எழுதிவிட்டேன். இந்த மலர் அவன் கைக்கும் போகும். படித்துவிட்டு அழுதால் அழட்டும். பானை கிடைக்காது.

பொங்கலன்று அது நம் வாசலில்தான் அடுப்பேறும். எல்லாரும் வந்துவிடுங்கள். அக்கா இருந்தால் பொங்கியதும் முதல் கரண்டி மோகனின் போசிக்குத்தான் போயிருக்கும். நான் எடுத்து வைக்க மாட்டேன். அதையும் சாக்குல போடு அம்மணி என்று அவர் குரல் கேட்கத்தான் செய்கிறது. மாட்டேனுங்கக்கா. உங்கள் பானையை வைத்துக்கொண்டேன். நீங்கள் வேண்டாமென்று வீசின கோபத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால் இன்றைக்கு நான் அழுவேன்.