கலர் விற்காத கேன்டீன்

“...எம்புள்ள எது கேட்டாலும் குடுங்கன்னு டாக்டரே சொல்லிட்டாருண்ணே. ஒரே ஒரு ஆரஞ்சு கலர் குடுங்க” என்றார் லால்குடியிலிருந்து வந்திருந்த அந்தத் தாய்.

திருச்சியில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் கேன்டீன் நடத்துகிறேன். பாட்டில் கலர், சிப்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோரும் சுண்டலும் வைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. “அதெல்லாம் புள்ளைங்க உடம்புக்கு ஆகாதும்மா, மோர் தரேன்” என்று வழக்கம்போலச் சொன்னேன்.

“இனிமே உடம்பப் பாத்து என்னண்ணே பண்ண?”

வைத்தியத்துக்கு இனி வழியில்லாமல்தான் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லாவை அப்படியே விட்டுவிட்டு எதிர்க்கடைக்கு ஓடி, ஒரு பாட்டில் வாங்கிவந்து கொடுத்தேன்.

அவர் உடனே வார்டுக்குப் போகவில்லை. “சில்லுன்னு குடிச்சா சளி புடிச்சுக்கும்ணே” என்று பாட்டிலை முந்தானையில் சுற்றி, குளிர்ச்சி போகும்வரை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.